டென்டேட்டிவ் அண்ணன்

என் அண்ணனிடம் மணி கேட்டால், கையில் கட்டியிருக்கும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "பத்தரை மாதிரி இருக்கு" என்பார். மாதிரி என்ன மாதிரி? முள் பத்தரையில்தான் நிற்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "பத்தரையா இல்லையாண்ணே?" என்றால், "கடிகாரம் அப்படித்தான் சொல்லுது பாப்பா" என்பார். கடிகாரம் சொல்வதற்குத் தான் பொறுப்பில்லை என்பது போல முகத்தை வைத்துக்கொள்வார்.

போர்ட் பிளேயரில் தீவுக் கப்பல்களுக்கு டிக்கெட் கொடுக்கிற இடத்தில், விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் அவர். கப்பல் புறப்படும் நாட்களை ஒரு தாளில் அடித்துச் சுவரில் ஒட்டுவார்கள். அதன் தலைப்பிலேயே டென்டேட்டிவ் என்று இருக்கும். உத்தேசமாக என்று அர்த்தம். கடல் கொந்தளித்தால் கப்பல் போகாது. இன்ஜின் மக்கர் பண்ணினால் போகாது. பெரிய அதிகாரி யாராவது வந்தால் வேறு பக்கம் போகும். மெயின்லேண்டிலிருந்து வருகிறவர்கள் அந்தத் தலைப்பைப் படிப்பதே இல்லை, கீழே இருக்கிற தேதியை மட்டும் படித்துவிட்டு ஜன்னலுக்கு வருவார்கள். "பாய் சாப், ஜஹாஜ் கல் ஜாயேகா நா?" நாளைக்குக் கப்பல் போகும்தானே என்று கேட்பார்கள். அண்ணன் தலையைத் தூக்காமல், "டென்டேட்டிவ்" என்பார். வங்காளி கேட்டாலும் தெலுங்கர் கேட்டாலும் மலையாளி கேட்டாலும் அந்த ஒரு வார்த்தைதான். லம்பா லைனில் அவர் குடியிருந்த வரிசையில் எல்லோருக்கும் அவர் டென்டேட்டிவ் பாய். தமிழ் ஆட்களுக்கு டென்டேட்டிவ் அண்ணன். சொந்தப் பெயரைச் சொல்லி வீடு கேட்டால் பக்கத்து வீட்டுக்காரரே கையை விரிப்பார்.

நான் அதற்கு நேர் எதிர். புரோத்ராபூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை ரவிக்கை தருகிறேன் என்றால் வெள்ளிக்கிழமை ரவிக்கை கொக்கியில் தொங்கும். வழவழா கொழகொழா பேச்சு எனக்கு ஆகாது. முடியும் என்றால் முடியும், முடியாது என்றால் முடியாது. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டும் இப்படிக் கிழக்கும் மேற்குமாக இருக்கிறதே என்று எங்கள் அம்மா அலுத்துக்கொள்ளாத நாள் கிடையாது.

என் கல்யாணத்தின்போது நடந்ததைச் சொன்னால் அவரைப் புரிந்துகொள்ளலாம். எங்கள் அப்பா கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்து அங்கே குடிவைத்த குடும்பம் எங்களுடையது. போர்ட் பிளேயரில் வேலையில் இருந்ததால் பத்திரிகை அடிக்கிற பொறுப்பு அண்ணனுக்கு. பத்திரிகை வந்தது. 'காலை ஒன்பது மணிக்கு மேல் பத்தரை மணிக்குள் சுப முகூர்த்தத்தில்' என்று போட்டு, பக்கத்திலேயே 'டென்டேட்டிவ்' என்று சிவப்பு மையில் அச்சடித்திருந்தது. அச்சகக்காரனும் தீவுக்காரன். அவனுக்கு அது தப்பாகவே படவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் தூத்துக்குடிப் பக்கம். பத்திரிகை போய்ச் சேர்ந்த அன்றே என் மாமனார் அண்ணனின் ஆபீசுக்குப் போன் போட்டார்.

"தம்பி, பொண்ணுக்கு இதுல சம்மதந்தானா?"

"இப்போதைக்குச் சம்மதந்தாங்க மாமா."

மனுஷன் இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தார் என்று பிற்பாடு என் வீட்டுக்காரர் சொன்னார். நான் அண்ணனோடு ஒரு வாரம் பேசவில்லை. ஆனால் நடந்தது என்ன? சென்னையிலிருந்து மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட கப்பல் புயலில் மாட்டி இரண்டு நாள் தாமதமாக வந்தது. முகூர்த்த நேரத்தில் நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு மண்டபத்தில் இருக்கிறேன், மாப்பிள்ளை நடுக்கடலில் வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறார். அடுத்த முகூர்த்தத்தில்தான் தாலி ஏறியது. கப்பலிலிருந்து இறங்கிய என் மாமனார் அண்ணனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க முன்கூட்டியே போட்டிருந்தீங்க தம்பி, நாங்கதான் கவனிக்கல" என்றார். அண்ணன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

இந்தக் குணம் பிறவியிலேயே வந்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் எல்லோரையும் போலத்தான் இருந்தாராம். ஒரு வங்காளிப் பெரியவர் ஜன்னலுக்கு வந்திருக்கிறார். தெற்கே வேறொரு தீவில், ஹட் பேயில், அவருடைய மனைவிக்கு உடம்பு முடியவில்லை. ஹெலிகாப்டரில் ஒரு இடம் கிடைத்திருக்கிறது, ஆனால் கப்பல் உண்டென்றால் கூடவே மகளையும் கூட்டிக்கொண்டு போய்விடலாம். நாளைக்குக் கப்பல் உண்டா என்று கேட்டார். அண்ணன், "பக்கா, தாதா" என்றார். பக்கா என்றால் நிச்சயம், சத்தியம், கல்லில் வெட்டினது. பெரியவர் ஹெலிகாப்டர் சீட்டை வேறு யாருக்கோ விட்டுக்கொடுத்துவிட்டார். விடிந்து பார்த்தால் கப்பலில் இன்ஜின் கோளாறு. மூன்றாம் நாள்தான் புறப்பட்டது. அவர் போய்ச் சேர்ந்தபோது மனைவியை எரித்தே முடித்துவிட்டார்கள்.

அடுத்த மாதம் பெரியவர் மறுபடியும் ஜன்னலுக்கு வந்தாராம். சத்தம் போடவில்லை. "பேட்டா, துமனே பக்கா போலா தா" என்றாராம். மகனே, நீ பக்கா என்று சொன்னாயே. அவ்வளவுதான். டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்றோடு அந்த வார்த்தை அண்ணன் வாயிலிருந்து போயிற்று. எங்கள் ஊரில் ஆட்டோக்காரர்கூட மூச்சுக்கு மூச்சு பக்கா என்பார். அண்ணன் சொல்லி நான் கேட்டதில்லை. தான் ஆண்பிள்ளை என்பதைக்கூடப் பக்கா என்று சொல்லியிருக்க மாட்டார்.

ஐம்பத்தோரு வயதில் அவருக்கு இரண்டு கிட்னியும் போயிற்று. சர்க்கரை. வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ். அண்ணிக்கும் சர்க்கரை இருந்ததால் அவர் கொடுக்க முடியாது. பிள்ளைகள் இல்லை. நான் தருகிறேன் என்றேன்.

"யோசிச்சுச் சொல்லு பாப்பா."

"யோசிக்க என்னா இருக்கு? ரெண்டு இருக்கு, ஒண்ணு போதுமாம். வெள்ளிக்கிழமைக்குப் பிளேன் டிக்கெட் போடுங்க."

"டென்டேட்டிவா போட்டு வைக்கிறேன்."

எனக்கு வந்த கோபத்தில் அந்த ஒன்றையும் தராமல் போயிருப்பேன்.

சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. என்னைத் தனியாக ஒரு அறையில் உட்காரவைத்து, யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று கேட்டார்கள். "யாரு, எங்க அண்ணனா? அவரு யாரையும் ஒரு டீ குடிக்கக்கூட கட்டாயப்படுத்த மாட்டாருங்க" என்றேன். எழுதிக்கொண்டார்கள். கிட்னி டாக்டர் ஆபரேஷனில் என்னென்ன ஆகலாம் என்று வரிசையாகச் சொன்னார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அண்ணன் மட்டும் வானிலை அறிக்கை கேட்பது போலத் தலையாட்டிக்கொண்டிருந்தார். டாக்டருக்கு ஆச்சரியம். "எல்லாரும் கேரண்டி கேப்பாங்க. நீங்க கேக்கவே இல்லையே" என்றார். "எல்லாரும் கேரண்டி கேக்குற ஜன்னலுக்குப் பின்னால முப்பது வருஷமா நான்தான் சார் உக்காந்திருக்கேன்" என்றார் அண்ணன். அன்றிலிருந்து அந்த டாக்டருக்கு அண்ணன் என்றால் உயிர்.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. என் கிட்னி அவர் வயிற்றில் உடனே வேலை செய்ய ஆரம்பித்தது. மூன்றாம் நாள் என்னைத் தள்ளுவண்டியில் கொண்டுபோய்க் காட்டினார்கள். "எப்படிண்ணே இருக்கு?" என்றேன். "வந்து சேந்திருக்கு. இனிமேதான் பாக்கணும்" என்றார். சந்தோஷமாக இருந்தார் என்று எனக்குத் தெரியும். காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

எட்டு மாதம் நன்றாகப் போயிற்று. அப்புறம் ரத்தத்தில் கிரியாட்டினின் ஏற ஆரம்பித்தது. கிரியாட்டினின் ஏறினால் கிட்னி இறங்குகிறது என்று கணக்கு. மறுபடியும் சென்னை. கிட்னியிலிருந்து துளியூண்டு சதை எடுத்துப் பார்த்துவிட்டு, பிகே வைரஸ் என்றார்கள். எனக்கு அது ஏதோ கான்ட்ராக்டர் பெயர் மாதிரி இருந்தது. முதன்முதலில் எந்த நோயாளியிடம் கண்டுபிடித்தார்களோ அந்த ஆளுடைய பெயரின் இரண்டு எழுத்துதானாம் அது. அண்ணன் அதற்கு வருத்தப்பட்டார். "பாவம், முழுப் பேரையாவது போட்டிருக்கலாம்" என்றார்.

ஒரு சின்ன வயது டாக்டரம்மா எங்களை உட்காரவைத்து விளக்கினாள். மதுரைப் பெண். இதைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்கிறாளாம்.

"இந்த வைரஸ் அநேகமா எல்லார்கிட்டயும் இருக்கும்மா. சின்ன வயசுல வந்து, கிட்னியில சத்தம் போடாம படுத்துக்கும். ஒண்ணும் செய்யாது. மாத்துக் கிட்னியை உடம்பு விரட்டாம இருக்க எதிர்ப்புச் சக்தியைக் குறைக்க மருந்து குடுக்குறோம்ல, அப்ப சில பேருக்கு இது முழிச்சுக்குது. அதே மருந்து சாப்பிடுற இன்னொருத்தருக்கு முழிக்கிறதில்ல. ஏன்னு தேடுறோம். ஜீன்ல இருக்கிற சின்னச் சின்ன வித்தியாசம் ஒரு காரணமா இருக்கலாம்."

"யாரு ஜீன்ல?" என்றேன் நான்.

"வாங்கினவங்க ஜீனா இருக்கலாம். காவல் காக்கிறது அவங்க உடம்புதானே. இல்ல, குடுத்தவங்க ஜீனா இருக்கலாம். கிட்னி அவங்களோடதுதானே. ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம்."

"அப்ப அந்த வைரஸே என் கிட்னியோட போயிருக்கலாமா?"

அவள் பொய் சொல்லத் தெரியாத பெண். "போயிருக்கலாம்மா" என்றாள். அதற்கப்புறம் அவள் நிறையச் சொன்னாள், அதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை என்பதும் இருந்தது. எனக்கு ஒன்றும் ஏறவில்லை. இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள். ஆளுக்கொரு ஒப்புதல் பாரம் கொடுத்தார்கள். நான் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகு என்னால் முடியவில்லை. மருந்தைக் குறைத்தால் அவர் உடம்பு என் கிட்னியை அந்நியன் என்று விரட்டும், குறைக்காவிட்டால் வைரஸ் தின்னும். டாக்டர்கள் அரை மாத்திரை, கால் மாத்திரை என்று நடுவில் தடவிக்கொண்டிருந்தார்கள். நான் இங்கே உட்கார்ந்து, நல்ல சாமான் என்று நினைத்துக் கொடுத்தது பூச்சி விழுந்த சாமானா என்று புலம்பிக்கொண்டிருந்தேன். ஒரு ரவிக்கைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்தேன். பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில் யூனிஃபார்ம் கொடுக்க முடியாமல் முதல்முறையாக நாலு தாய்மாரிடம் திட்டு வாங்கினேன். சோறு பிடிக்கவில்லை. போகும்போதெல்லாம் அண்ணனிடம், "ரிசல்ட் வந்துச்சா? யாரு ஜீனுன்னு சொன்னாங்களா?" என்று கேட்பேன். "வரும் பாப்பா" என்பார். என் வீட்டுக்காரர், "அவரே பேசாம இருக்காரு, உனக்கென்னா?" என்பார். அவருக்கென்ன, கொடுத்தது அவர் கிட்னியா?

ஒரு நாள் மத்தியானம் அக்கரையில் பம்பூஃபிளாட்டில் ஒரு காதுகுத்துக்குப் போக, சாத்தம் படகுத்துறையில் காத்திருந்தோம். மர மில் பக்கமிருந்து அறுத்த மரத்தின் வாசனை வந்துகொண்டிருந்தது. அண்ணன் இருமிவிட்டு, "மெட்ராஸ்ல இருந்து போன் வந்துச்சு" என்றார்.

"எதுக்கு?"

"அந்த ஆராய்ச்சி விஷயமா. பாத்துட்டாங்களாம். என் ஜீன்தானாம்."

"சரியாக் கேட்டீங்களா? யாரு சொன்னா? ரெண்டும் சேந்துகூட இருக்கலாம்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சே."

"அதெல்லாம் இல்ல. என் உடம்புலதான் கோளாறு. உன் கிட்னி மேல ஒரு குத்தமும் கிடையாது." கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். "பக்கா."

நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ரவிக்கைக் கையின் நீளத்துக்குப் பத்துக் கேள்வி கேட்கிறவள், அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. மணி பத்தரை என்று சொல்லாதவர் பக்கா என்று சொல்லிவிட்டார், இனி என்ன? மனசிலிருந்து ஒரு மூட்டை இறங்கினது. படகுத்துறைக் கடையில் வடை வாங்கி நாலு தின்றேன். அண்ணன் எண்ணெய் ஆகாது என்று சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய நோய் அவருடைய ஜீன் என்று தெரிந்து ஒரு தங்கச்சி வடை தின்றது அநியாயம்தான். ஆனால் தின்றேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் என் கிட்னி அவருக்கு ஓடியது. மெல்ல மெல்லக் குறைந்து, மறுபடியும் டயாலிசிஸ் நாற்காலிக்கு வந்துவிட்டார். நான் அழுதேனே தவிர, என்னை நொந்துகொள்ளவில்லை. நன்றாகத் தூங்கினேன். சொன்ன நாளில் ரவிக்கை கொடுத்தேன். கிழங்கு சாப்பிடக் கூடாது, பழம் சாப்பிடக் கூடாது என்று அவரை அதட்டிக்கொண்டே இருந்தேன். "சாப்பிடல பாப்பா, பாத்தேன், அவ்வளவுதான்" என்பார். டயாலிசிஸ் நர்ஸ் அடுத்த தடவை வியாழக்கிழமை என்று சொல்லும்போதெல்லாம் டென்டேட்டிவ் என்பாராம், அவளும் சிரிப்பாளாம். அப்படிச் சொன்ன ஒரு வாரத்தில் புதன்கிழமை விடியற்காலை இதயம் நின்று இறந்துபோனார். லம்பா லைன் வரிசை முழுவதும் வந்திருந்தது. யாருக்கும் அவர் பெயர் சொல்லி அழத் தெரியவில்லை.

கிட்னி கொடுத்தவர்களும் வருடத்துக்கு ஒரு தடவை போய் உடம்பைக் காட்டிவிட்டு வர வேண்டும். அவர் இல்லாமல் நான் போன முதல் தடவை, நடுவில் போனபோதெல்லாம் கண்ணில் படாத அதே டாக்டரம்மா இருந்தாள். இப்போது கண்ணாடி போட்டிருந்தாள். அண்ணனைப் பற்றிக் கேட்டு வருத்தப்பட்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ நல்லா இருக்கணும் தாயி. அன்னைக்கு மட்டும் நீங்க போன் பண்ணி அவரு ஜீன்தான்னு சொல்லலேன்னா, நான் செத்திருப்பேன்" என்றேன்.

அவள் விழித்தாள். "யாருக்கும்மா போன் பண்ணோம்?"

"எங்க அண்ணனுக்கு. ரிசல்ட் சொல்லி."

"ஆராய்ச்சி இன்னும் முடியவே இல்லையேம்மா. முடிஞ்சாலும் ஒரு ஆளைக் காட்டி இவராலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆயிரம் பேரைச் சேர்த்துப் பாத்தா, இந்தப் பக்கம் கொஞ்சம் சாயுதுன்னு சொல்லலாம். அவ்வளவுதான். நாங்க யாருக்குமே எதுவும் சொல்லலம்மா."

அவள் ஏதோ குழப்பம் என்று நினைத்து எங்கள் இரண்டு பேர் கோப்புகளையும் எடுத்துவரச் செய்தாள். சேர்த்துக் கட்டியிருந்தது. அவர் பாரத்தைப் புரட்டினாள். கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி. பின்னாளில் உங்களைப் பற்றி ஏதாவது தெரியவந்தால் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டுமா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். அண்ணன் இல்லை என்பதில் டிக் போட்டிருந்தார். அதற்குக் கீழே, ஆபீஸ் கோப்பில் குறிப்பு எழுதுகிற அதே குண்டு எழுத்தில், இங்கிலீஷில் ஒரு வரி. எனக்குப் படிக்கத் தெரியும், ஆனாலும் அவளையே படித்துத் தமிழில் சொல்லச் சொன்னேன்.

"டோனருக்கும் தெரிவிக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். அவள் என் தங்கை. தன் மேல் போட்டுக்கொள்வாள்."

கீழே கையெழுத்து, தேதி. ரத்தம் கொடுத்த அன்றைய தேதி. நான் பக்கத்து நாற்காலியில் படிக்காமல் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த அதே நேரம்.

அடப்பாவி மனுஷா என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அந்தப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அழுது ஓய்ந்த பிறகு, தயங்கித் தயங்கி என் பாரத்தைக் காட்டினாள். அதே கேள்வி. நான் இரண்டு கட்டத்தையும் காலியாக விட்டிருந்தேன்.

"இதை நிரப்பணும்மா. உங்களுக்குத் தெரியணுமா, வேண்டாமா? அவசரம் இல்ல, யோசிச்சுச் சொல்லுங்க."

பேனாவை வாங்கி இல்லை என்பதில் டிக் போட்டுக் கொடுத்தேன்.

"நல்லா யோசிச்சீங்களாம்மா?"

"எங்க அண்ணன் ஆயுசுல ஒரே ஒரு பொய்தான் சொல்லியிருக்காரு தாயி" என்றேன். "அதையும் நீங்க பொய்யாக்கிடாதீங்க."